மூன்று விரல் கீழே

ஜனவரி 4, ஞாயிறு

தொண்டை டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொல்லிவிட்டார். பாடலாமாம், பேசத்தான் கூடாதாம். "நீங்க பாடுறதவிடப் பேசுறதுதாம்மா தொண்டையக் கெடுக்குது" என்று முகத்துக்கு நேரே சொன்னார். இவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து இவருக்கு இவ்வளவு சந்தோஷமான நாள் வந்திருக்காது. வரும் வழியிலேயே இந்த டைரியை வாங்கிக் கையில் கொடுத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் இதில் எழுது என்கிறார். எழுதுகிறேன். இவர் எடுத்துப் படித்தால் தெரியும் சேதி.

எனக்குத் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. பனியும் லாரிப் புழுதியும். தூத்துக்குடியில் யாருக்குத்தான் தொண்டை கட்டவில்லை.

நல்ல சேதி ஒன்று. ஆதிரை என்று சென்னைப் பெண் ஒருத்தி போன் செய்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து இரண்டு நாளும் கடற்கரைப் பூங்காவில் 'உப்புக்காற்று' என்று ஒரு இசைத் திருவிழா நடத்துகிறாள். பறை, வில்லுப்பாட்டு, ராப், பக்கீர்கள், பேண்டு வாத்தியம் என்று ஊரில் சத்தம் போடுகிற எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டாம் நாள் கடைசி இடம் எனக்கு. கடைசிப் பாட்டு, நான் எல்லா மேடையிலும் பாடுகிற அந்தச் சினிமாத் தாலாட்டு. "உங்க குரல்ல முடியணும்மா, அதான் என் ஆசை" என்றாள்.

முப்பது வருஷமாக 'மரகதராகம்' குழு நடத்துகிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை, பூப்புனித நீராட்டு. ஜனம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே கேட்கும், இல்லாவிட்டால் கேட்காது. பாட்டைக் கேட்பதற்கென்றே வந்து உட்காரும் கூட்டத்துக்கு முன்னால் நான் பாடியதே கிடையாது. இந்த ஒரு தடவை. இதை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

இன்றைக்கு இஞ்ஞாசியைத் துரத்திவிட்டேன்.

ஆதிரை ஒத்திகை பார்க்க எங்கள் மாடிக்கு வந்திருந்தாள். இஞ்ஞாசி அண்ணன் கீபோர்டு, காஜா தபலா, பேச்சிமுத்து ரிதம் பேடு. நான் அவளிடம் எங்கள் நோட்டீசைக் காட்டினேன். 'ஒரிஜினல் சுருதியில் பாடும் மரகதம்.' ரெக்கார்டில் எந்தச் சுருதியோ அதே சுருதி, அன்றைக்கும் சரி, ஐம்பத்திரண்டு வயதில் இன்றைக்கும் சரி. கோவில்பட்டி சரஸா மாதிரி சுருதியை ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கிக்கொண்டு, அடித்தொண்டையில் முனகிவிட்டு, பாட்டரசி பட்டம் போட்டுக்கொள்கிற ஆள் நான் இல்லை. "இறக்கிப் பாடுதவ எல்லாம் பாடகியா?" என்று ஆதிரையிடம் கேட்டேன். சிரித்தாள்.

தாலாட்டை ஆரம்பிக்கப் போகும்போது காஜா இஞ்ஞாசியைப் பார்த்தான். இஞ்ஞாசி கீபோர்டுக்குக் கீழே கையை விட்டு மூன்று விரலைத் தரையைப் பார்த்துக் காட்டினார்.

இது எனக்குப் பழகிப்போன கூத்து. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நடக்கும். அந்தக் காலத்தில் ஒரு விரல். பிறகு இரண்டு. இப்போது இரண்டு மூன்று வருஷமாக மூன்று. கச்சேரி முடிந்ததும் எத்தனை குவார்ட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். குடி ஏறிக்கொண்டே போகிறது. எத்தனையோ நாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்திருக்கும்போதுமா.

"நிறுத்துங்க" என்றேன். "அண்ணே, குடிக்கதுன்னா வெளிய போயி குடிங்க. எம் மேடையில நின்னுக்கிட்டு விரல் காட்டாதீங்க. இத்தன வருஷம் பொறுத்துட்டேன். ஒரு குடிகாரன பக்கத்துல வச்சுக்கிட்டு நான் அங்க போயி பாட முடியாது."

காஜா "அக்கா" என்று எழுந்தான். இஞ்ஞாசி அவனைப் பார்த்தார். அவன் உட்கார்ந்துவிட்டான். என்னையும் பார்த்தார். பிறகு வயரைப் பிடுங்கி, கீபோர்டை உறையில் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டு இறங்கிப் போனார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பேசினால் அல்லவா உண்மை வெளியே வரும்.

ஆதிரை, கல்லூரியில் படித்து முடித்த ஒரு பையன் இருக்கிறான், நன்றாக வாசிப்பான், அனுப்புகிறேன் என்றாள். சரி என்றேன். தொண்டை எரிகிறது. கத்தியது தப்பு.

ஜனவரி 7, புதன்

மீன் கடையில் லூர்து டீச்சரைப் பார்த்தேன். இஞ்ஞாசி போகிற மாதா கோயிலில்தான் அவளும் பாட்டுக்குழு. ஞாயிறு பூசைக்கு அங்கே ஆர்கன் வாசிப்பவர் இஞ்ஞாசி. "ஏன் உங்க குழுவ விட்டு நின்னுட்டாராமே?" என்று கேட்டாள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா. சொன்னேன். "அப்படியா, ஆளப் பாத்தா தெரியலையே" என்று வாயைப் பொத்தினாள். பேச்சைக் குறைக்கச் சொன்ன டாக்டர் அங்கே இல்லை.

சீலா மீன் நன்றாக இருந்தது. இவருக்கு முள் குத்தியது.

ஜனவரி 10, சனி

புதுப் பையன் பெயர் நிகிலேஷ். காதில் சின்னக் கடுக்கன். மேடம் மேடம் என்கிறான். அக்கா என்று சொல்லச் சொன்னேன். கீபோர்டோடு ஒரு லேப்டாப்பும் வைத்துக்கொள்கிறான். "எல்லாப் பாட்டும் எனக்கு ஒரிஜினல் சுருதி. புரியுதா?" என்றேன். "ஓகே மேடம். ரெக்கார்டு கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன், அப்படியே வாசிச்சிருவேன்" என்றான்.

அப்படியே வாசிக்கிறானாம். கிழித்தான். முதல் பாட்டிலேயே எனக்குக் கழுத்து நரம்பு இழுத்தது. தாலாட்டில் கடைசிச் சரணத்தில் குரல் படிப்படியாக மேலே ஏறிப்போய் ஒரு இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்துக்குத்தான் கைதட்டல் விழும். அங்கே போக முடியவில்லை. போய்ச் சேர்ந்தேன், ஆனால் போய்ச் சேர்ந்தது பாட்டு இல்லை, கீச்சு.

அவன் கீபோர்டு சரியில்லை. ஏதோ சீனா மாடல். வாசிப்பில் அவசரமும் இருக்கிறது. இஞ்ஞாசி குடிகாரனாக இருந்தாலும் பாடுகிறவள் தொண்டை தெரிந்து வாசிப்பார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

காஜாவும் பேச்சிமுத்துவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்னல பாக்கீய?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, கொசு" என்றான் பேச்சிமுத்து.

ஜனவரி 12, திங்கள்

பால், மிளகு, பனங்கற்கண்டு. நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. இவர் இரண்டு தடவை வந்து காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

லூர்து டீச்சருக்குப் பொங்கல் கொடுக்கப் போனேன். இஞ்ஞாசியை ஆர்கன் வாசிக்க வேண்டாம் என்று கோயிலில் சொல்லிவிட்டார்களாம். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற இடம், குடிக்கிற ஆள் எப்படி என்று யாரோ பங்குச் சாமியாரிடம் சொன்னார்களாம். யாரோ என்று சொல்லும்போது டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

குடிக்கிற ஆளைக் குடிக்கிற ஆள் என்று சொன்னது ஒரு குற்றமா.

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 19, திங்கள்

ஒத்திகை. அதே கதை. அதே கீச்சு. இரண்டாம் தடவையும் வரவில்லை என்றதும் நிகிலேஷ் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. மூணு இறக்கிக்கிடவா? ஒரு பட்டன்தான். மூணு அரைக் கட்டை, மொத்தம் ஒன்றரைக் கட்டை இறங்கும். நீங்க வசதியாப் பாடலாம்" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை மாடியிலிருந்து தள்ளாததுதான் பாக்கி. "நான் என்ன சரஸான்னு நெனச்சியா? என் நோட்டீசுல என்ன போட்டிருக்குன்னு படிச்சியா?" என்று கத்தினேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. "சாரி அக்கா. நான் ரெக்கார்டு சுருதியிலதான் வாசிக்கேன். வேணும்னா ரெக்கார்டப் போட்டுப் பாருங்க" என்று போனை நீட்டினான். வாங்கவில்லை. எனக்குத் தெரியாத ரெக்கார்டா.

படி இறங்கும்போது காஜா வந்து நின்றான். "அக்கா, கோபப்படாதீங்க. போயி அண்ணனக் கூட்டிட்டு வந்துருங்க. அவரு இல்லாம நமக்குச் சரிவராது."

"ஏன், குடிக்கக் கம்பெனிக்கு ஆள் இல்லையா?"

"அண்ணன் குடிக்க மாட்டாவக்கா" என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு தபலாக்களை ஆட்டோவில் ஏற்றினான். மூன்று தபலா. ஒரு ஆள் ஒரு கச்சேரிக்கு மூன்று தபலாவைத் தூக்கிக்கொண்டு அலைவானா. கேட்டால், பழக்கம் என்பான்.

ஜனவரி 24, சனி

முதல் நாள் விழா. நாளைக்குத்தான் என் முறை என்றாலும் கூட்டம் எப்படி என்று பார்க்கப் போனேன். இவரும் வந்தார், சுண்டலுக்காக.

கடலுக்கு முதுகைக் காட்டி மேடை. மணலில் ஜமுக்காளம். நாதஸ்வரத்தில் ஆரம்பித்தார்கள். காற்று மைக்கில் புகுந்து புஸ் புஸ்ஸென்று இரைந்தது, அந்த மனிதர் அசரவில்லை, காற்றையும் சேர்த்து வாசித்தார். அடுத்து காயல்பட்டினம் பக்கத்திலிருந்து நாலு பக்கீர்கள். பச்சைத் தலைப்பாகை, கையில் தப்ஸ் கொட்டு. வயதான ஒருவர் பாட, மற்றவர்கள் ஓரடி பின்னால் வாங்கிப் பாடினார்கள். காஜா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கும் ஏதோ பண்ணியது, ஆனால் நீளம் அதிகம்.

பிறகு உப்பளத்துப் பையன்கள் மூன்று பேர் ராப். பாடுகிறார்களா பேசுகிறார்களா என்றே தெரியவில்லை. உப்பில் வெடித்த அப்பன் காலைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார்கள். ஜனம் எழுந்து குதித்தது. நான் பேசினால் தொண்டை போகும் என்கிறார் டாக்டர். இவர்கள் பேசியே பேர் வாங்குகிறார்கள்.

கடைசியில் ஒரு கல்லூரி பேண்டு. பாடுகிற பெண் மெர்லின். இருபது வயது இருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். நல்ல குரல், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு பாட்டு பாடி முடித்ததும் இருமினாள். மைக்கிலேயே, "ரெண்டு நாளாக் காய்ச்சல், தொண்டை ஒத்துழைக்கல. அடுத்த பாட்டக் கொஞ்சம் இறக்கிப் பாடுறேன், பொறுத்துக்கோங்க" என்றாள். கூட்டம் கைதட்டியது. அவள் கிடார் வாசிப்பவனைத் திரும்பிப் பார்த்து இரண்டு விரலைத் தரையைப் பார்த்துக் காட்டினாள். அவன் தலையாட்டிவிட்டுச் சுருதியை மாற்றினான்.

இரண்டு விரல். கீழே பார்த்து.

சுண்டலில் உப்பு அதிகம். தலை வலிக்கிறது. படுக்கப் போகிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு, காலை

எழுந்ததும் காஜாவுக்குப் போன் போட்டேன்.

"எதுக்குல மூணு தபலா கொண்டு வார?"

"சுருதி மாறுனா தபலாவயும் மாத்தணும்லாக்கா" என்றான்.

"நம்ம குழுவுல சுருதி எப்பல மாறுச்சு?"

"அக்கா, நான் குளிச்சிட்டு வாரேன்" என்று வைத்துவிட்டான்.

ஆக, ஒரு விரலுக்கு அரைக் கட்டை. காஜாவுக்குத் தெரியும். பேச்சிமுத்துவுக்குத் தெரியும். மேடையில் எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவள் முன்னால் நின்று பட்டுப்புடவையில் பாடிக்கொண்டிருந்தவள் ஒருத்திதான்.

இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நீங்களும் தெரிஞ்சுதான் இருந்தீயளா?" என்று கேட்டேன். எதைப் பற்றி என்றுகூடக் கேட்கவில்லை. "எனக்குச் சுருதியெல்லாம் என்ன தெரியும் மரகதம்" என்று பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். தலைகீழாக விரித்தார்.

என் தொண்டைக்குத் தெரியாமலா இருந்திருக்கும். இந்த வரியை அடித்துவிட வேண்டும்.

இன்றைக்கு இறக்கிப் பாடினால் இத்தனை வருஷமும் இறக்கித்தான் பாடினேன் என்று ஆகிவிடும். ஒரிஜினல் சுருதியில்தான் பாடப்போகிறேன். பாடிக் காட்டுகிறேன்.

ஜனவரி 26, திங்கள்

எழுதித் தொலைக்கிறேன். மனதில் வைத்திருந்தால் வெடித்துவிடும்.

நேற்று பறையில் ஆரம்பித்தது. அவர்கள் மேடைக்குப் பக்கத்தில் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் தோலைக் காய்ச்சித் தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சி, பதம் வந்த பிறகுதான் ஏறினார்கள். பாதியில் ஒருவனுக்குச் சத்தம் இறங்கிவிட்டது. இறங்கி வந்து இன்னொரு தடவை காய்ச்சிக்கொண்டு போனான். யாரும் சிரிக்கவில்லை. அடுத்து வில்லுப்பாட்டு. அந்த அம்மாள் பாதிக் கதையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, "மேல போவ மாட்டேங்குது, நான் கீழேயே இருந்து கதையச் சொல்லுதேன்" என்று வில்லைத் தட்டினாள். அதற்கும் கைதட்டல். அத்தனை பேரும் அவரவர் ஓட்டையை மைக்கில் சொல்லிவிட்டுப் பாடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு பேண்டு வாத்தியம், சிவப்புச் சட்டை, கடற்கரையே அதிர்ந்தது.

பிறகு நான். ஆதிரை மைக்கில் சொன்னாள்: "முப்பது வருஷமா ஒரிஜினல் சுருதியை விடாத குரல்." நான்தான் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தேன்.

கூட்டம் அமைதியாக இருந்தது. யாரும் எதுவும் தின்னவில்லை. குழந்தைகள்கூட ஓடவில்லை. அத்தனை முகமும் என்னையே பார்த்தன. நான் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

மூன்றாவது வரிசையில் இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பிலோமி மதினி. அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. தாலாட்டுக்கு முன்னால் காஜா பழக்க தோஷத்தில் கீபோர்டைப் பார்த்தான். நிகிலேஷ் என்னைப் பார்த்தான். அப்போது இஞ்ஞாசி மணலில் பாதி எழுந்து, கையை நெஞ்சுக்கு நேரே நீட்டி, மூன்று விரலைக் கீழே காட்டினார். காஜாவுக்குக் காட்டினார். காஜா பார்த்துவிட்டான். நானும் பார்த்துவிட்டேன். காஜா தபலாவை மாற்றக் குனிந்தான்.

நான் மைக்கில், "நிகிலேஷ், ஒரிஜினல் சுருதி" என்றேன்.

காஜா நிமிர்ந்துவிட்டான். இஞ்ஞாசி உட்கார்ந்துவிட்டார்.

முதல் சரணம் வரை எப்படியோ ஓட்டினேன். கடைசிச் சரணத்தில் அந்த இடம் வந்தது. ஏறினேன். குரல் உடைந்தது. உடைந்தது என்றால் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றேன். நிகிலேஷ் அந்த வரியை மறுபடி வாசித்தான், இன்னொரு சந்தர்ப்பம் தருகிறானாம். மறுபடி உடைந்தது. கூட்டம் கைதட்டியது. நடை பழகுகிற குழந்தை விழுந்து எழுந்தால் தட்டுவார்களே, அப்படித் தட்டினார்கள். அதைவிடக் கல்லை எறிந்திருக்கலாம்.

பிறகு அந்த மெர்லின் ஓரத்திலிருந்து ஒரு மைக்கோடு வந்தாள். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அந்த இடத்தை அவள் பாடினாள். காய்ச்சலோடு பாடினாள், போய் நின்றாள், நிறுத்தினாள். கடற்கரை எழுந்து நின்றது. உதவி செய்ய வந்தாளாம். உதவி. நான் சிரித்துக்கொண்டு நின்றேன், வேறு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆதிரை என்னைக் கட்டிக்கொண்டு, "ரொம்ப அழகான முடிவும்மா, இளைய குரல்கிட்ட ஒப்படைச்ச மாதிரி இருந்துச்சு" என்று அழுதாள். நான் யாரிடமும் எதையும் ஒப்படைக்கவில்லை.

இறங்கி வந்து தேடினேன். இஞ்ஞாசி போய்விட்டிருந்தார்.

ஜனவரி 28, புதன்

கடற்கரைத் தெருவில் இஞ்ஞாசி வீட்டுக்குப் போனேன். பிலோமி மதினி கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். எப்போதும் "வா மரகதம்" என்பவள். உள்ளே இஞ்ஞாசி ஒரு பையனுக்குச் சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றார். இவரும் 'ங்க' போடுகிறார். காப்பி வந்தது. சீனி சரியாக இருந்தது, மதினி மறக்கவில்லை.

"எத்தன வருஷமாண்ணே?" என்று கேட்டேன்.

"என்னது?"

மூன்று விரலைக் கீழே காட்டினேன்.

அவர் விரலில் ஒட்டிய செயின் எண்ணெயை மறுபடி துணியில் துடைத்தார். "மொதல்ல ஒண்ணு. உங்க அம்மை செத்த வருஷம். அழுது அழுது உங்களுக்குத் தொண்டை போச்சுல்லா. ஒரு கச்சேரிக்குன்னு எறக்குனேன். நல்லா வந்துச்சு. நீங்க கீழ எறங்கி வந்து, 'பாத்தியளாண்ணே, அதே சுருதி'ன்னு சொன்னீய. அதுக்கப்புறம் எப்படி ஏத்த?"

"சொல்லிருக்கலாம்லா."

"நோட்டீசுல போட்டிருக்கே. என்னன்னு சொல்ல?"

"அன்னைக்கு அந்தச் சென்னைப் பிள்ளை முன்னால குடிகாரன்னு சொன்னேனே. அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம்லா."

"அந்தப் பிள்ளை முன்னால எப்படிச் சொல்லுவேன்? கடைசிப் பாட்டு உங்களுக்குன்னு அப்பத்தான தந்திருந்தா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

திரும்பி வாருங்கள் என்றேன். வரவில்லை என்றார். "அந்தக் கீபோர்டுப் பையன் வீட்டுக்கு வந்திருந்தான். எந்தெந்தப் பாட்டுக்கு எவ்வளவுன்னு சொல்லிட்டேன். தொண்டை ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது, அதனால அன்னைக்கன்னைக்கு நீங்களே விரலக் காட்டுங்க, புரிஞ்சுக்கிடுவான். நல்ல பையன்."

நான் எழுந்தபோது மதினிதான் பேசினாள். "இவங்க குடிச்சதே கிடையாது. எங்க கல்யாணத்துல ஒயின் குடுத்தாங்க, அதக்கூடத் தொடல. இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா கோயில்ல கடைசி வரிசையில போயி உக்காருதாங்க. எனக்குப் பாக்க முடியல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நீங்க வந்து பாட்டுக்குழுட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"என்ன சொல்லட்டும் மதினி?"

"அந்த விரல் என்னன்னு."

இஞ்ஞாசி, "விடு பிலோமி" என்றார். அவள் விடவில்லை, என்னையே பார்த்தாள். வருகிறேன் என்று சொன்னேன். சத்தியமாக வருகிறேன் என்றுகூடச் சொன்னேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

டாக்டர் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். போகவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

கல்யாண வரவேற்பு. குளிர்சாதன மண்டபம், பின்னால் எங்கள் பேனர். 'ஒரிஜினல் சுருதியில் பாடும் மரகதம்.' புதிதாக அடிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முன்வரிசையில் லூர்து டீச்சர், பெண் வீட்டுக்காரர்களுக்கு வேண்டியவள். அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இரண்டு பேர், கையில் ஐஸ்கிரீம்.

தாலாட்டைப் பாடச் சொல்லிச் சீட்டு வந்தது. நிகிலேஷ் என்னைப் பார்த்தான். காஜாவும் என்னைப் பார்த்தான். இஞ்ஞாசி நிற்கும் இடத்தை யாரும் பார்க்கவில்லை. புடவைக்குப் பக்கத்தில் கையை இறக்கி, மூன்று விரலைத் தரையைப் பார்த்துக் காட்டினேன். மறைவாகத்தான் காட்டினேன். காஜா குனிந்து தபலாவை மாற்றினான். நிகிலேஷ் பொத்தானை அழுத்தினான். எல்லாம் சுலபமாக நடந்தது. இதற்குத்தான் இத்தனை வருஷம் ஒரு மனிதன் கீபோர்டுக்குக் கீழே கையை ஒளித்திருக்கிறார்.

முன்வரிசை ஆட்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். என் கையைக் காட்டி, மூன்று விரலை அவனும் கீழே காட்டி, கட்டைவிரலை வாயில் வைத்துக் குடிப்பது மாதிரிக் கவிழ்த்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். லூர்து டீச்சர் அவனையும் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். நாளைக்கு அவள் எங்கெல்லாம் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். நான் சொன்ன இடத்திலெல்லாம் சொல்வாள்.

மைக் கையில்தான் இருந்தது. 'சுருதியை இறக்கச் சொன்னேன், வேறொன்றும் இல்லை' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரியில் என் பேரும் நின்றிருக்கும், இஞ்ஞாசி பேரும் திரும்பியிருக்கும். நிகிலேஷ் முதல் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான்.

பாட்டை ஆரம்பித்தேன்.